கூடாரத்துக் கட்டிலின் விலை

ஒரு பிள்ளையை ஒரு நாள் கூடாரத்தில் வைத்திருக்க 775 டொலர் செலவாகும் என்றால் நம்புவீர்களா? தறப்பாளின் விலை தெரிந்த எமக்கு நம்பக் கடினமே. 2018இல் ஐக்கிய அமெரிக்க அரசு காட்டிய கணக்கு அது.

குவாத்தமாலா, ஹொண்டுராஸ், எல் சல்வடோர் முதலிய நாடுகளிலிருந்து பெற்றோர் துணையின்றி எல்லை கடந்து வரும் சிறாரைப் பராமரிக்கும் பொறுப்பு, 2003 முதல் அங்குள்ள அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்துக்கு உரியது. அது தொண்டு நிறுவனங்களுக்கும் சமய அமைப்புகளுக்கும் மானியம் கொடுத்தே பெரும்பாலான இல்லங்களை நடத்துவிக்கின்றது. நிரந்தர இல்லமொன்றில் ஒரு பிள்ளைக்கான நாட்செலவு அப்போது 256 டொலர் அளவில் இருந்தது. ரெக்சாஸ் மாநிலத்தின் ரோர்னில்லோ என்ற வறண்ட வெளியில் 2018 ஜூனில் எழுந்த கூடாரங்களுக்கோ அதன் மும்மடங்கு! ஆட்களை அவசரமாகக் கொண்டுவரவும் மின்சாரம், குளிரூட்டி அமைக்கவுமே பணம் கரைந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் அங்கே 2,000க்கு மேற்பட்ட சிறார் தங்கியிருந்தனர். ஏன் இத்தனை பேர் தேங்கினர்? வந்தவர்களின் தொகை மட்டும் காரணமல்ல. பிள்ளையைப் பொறுப்பேற்க முன்வரும் உறவினரோடு, அவ்வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் கைவிரல் அடையாளம் கொடுக்கவேண்டுமென்று விதித்தார்கள். அந்த விபரம் குடிவரவு அதிகாரிகளின் கைக்குப் போயிற்று, சிலர் கைதாயினர். மாமனும் சித்தியும் அஞ்சி ஒதுங்கினார்கள். (பதிவுக்குப் பெயர் கொடுக்கத் தயங்கிய எம்மவர்க்கு இது விளங்கும்.) பிள்ளை காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசு பணம் கட்டியது.

கட்டிலுக்கு மானியம் கேட்கும் படிவங்களை நாமும் நிரப்பியிருக்கின்றோம். பிள்ளையைச் சித்தியிடம் கொண்டுசேர்க்கும் பஸ் கட்டணத்துக்கு அவற்றில் ஒரு நிரல் இருந்ததில்லை.

டிசம்பரில் வீட்டார் அனைவருக்குமான அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. உறவினர் வரத்தொடங்கினர். 2019 ஜனவரியில் ரோர்னில்லோவின் கடைசிப் பிள்ளையும் வெளியேறிற்று.