சாம்பாரில் பேரியம் கலக்கும் வேலை!

என் தோள்பையில் என்னென்ன இருக்கிறது, காட்டட்டுமா? பென் டார்ச். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். இரண்டு ஸ்பூன், ஒரு முள்கரண்டி. கைக்கண்ணாடி. பிரித்த மேரி பிஸ்கட் பாக்கெட். படம் ஒட்டிய அட்டைகள் ஒரு கட்டு. பச்சை உணவுச்சாயம். இன்று காலை கேன்டீன் அண்ணன் எனக்கென்று ஆற்றி வைத்த ராகிக் கூழ், ஒரு எவர்சில்வர் டப்பாவில்.

லிஃப்டில் கூட வருகிறவர்கள் நான் கேன்டீன் ஆள் என்றே நினைப்பார்கள். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் மாடி மாடியாக ஓடிக்கொண்டிருப்பவள். வாருங்கள், இன்றைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பாஸ் இல்லாமல் யாரும் நுழைய முடியாத அறைகளுக்குள் எல்லாம் போகப் போகிறோம்!

ஸ்பீச் தெரபி என்றதும் திக்கிப் பேசும் பையனும், மூன்று வயதாகியும் வாய் திறக்காத குழந்தையும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அவர்களும் மதியம் ஓ.பி.க்கு வருவார்கள். வார்டிலும் ஐ.சி.யூ.விலும் எங்களைக் கூப்பிடுவது பெரும்பாலும் வேறொரு கேள்விக்காக: இவர் விழுங்கலாமா? பேசப் பயன்படும் உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளை எல்லாம் விழுங்கவும் வேண்டும். மூச்சு போகும் பாதையும் சோறு போகும் பாதையும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை ஒருமுறை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை எகிறி இறங்குகிறதா? அந்த ஒரு நொடிக்குள் எவ்வளவு நடக்கிறது தெரியுமா! மூச்சு நிற்கிறது. குரல் நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நாக்கின் அடியில் இருக்கும் ஹையாய்டு எலும்பு, வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தசைகளில் தொங்கும் எலும்பு அது, மேலேயும் முன்னேயும் தாவுகிறது. குரல்வளை மூடி கவிழ்கிறது. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. சுமார் 50 ஜோடித் தசைகள் இதில் சேர்ந்து உழைக்கின்றன. நீங்களோ அதைப் படித்துக்கொண்டே செய்து முடித்துவிட்டீர்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவே இல்லை.

ஸ்ட்ரோக் வந்தால் இந்த வரிசை குலையும். நமக்குப் புரையேறினால் இருமுகிறோம். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார். ஸ்ட்ரோக் வந்த சிலருக்கு அந்த இருமலே வராது. தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். முகத்தில் ஒரு சுளிப்புகூட இருக்காது. பின்னாலேயே நிமோனியா வரலாம். அதனால்தான் எங்கள் பரிசோதனை முடியும்வரை படுக்கைக்கு மேலே ‘வாய் வழியாக எதுவும் கூடாது’ என்று போர்டு தொங்கும். வாசலில் அட்டெண்டர் கெஞ்சுவார்: “மேடம், சாப்பாடு வேணாம், ஒரு மடக்கு தண்ணியாவது குடுக்கட்டுமா?” தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். அது மெல்லியது, வேகமாக ஓடும், தளர்ந்த தொண்டை மூடிக்கொள்வதற்குள் உள்ளே போய்விடும். வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணி, கை தளர்ந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவையுங்கள்.

சரி, சிரிஞ்ச் எதற்கு? வாருங்கள் சமையலறைக்கு!

விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களின் உணவுக்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று ஓர் உலக அளவுகோல் உண்டு. 0 முதல் 7 வரை படிகள். கஞ்சி எந்தப் படி என்று பார்க்க, சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றுவோம். விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடைப்போம். உள்ளே 1 மில்லிக்கும் குறைவாக நின்றால் அது தண்ணீர், படி 0. 4 மில்லி வரை நின்றால் படி 1, 8 வரை என்றால் படி 2, அதற்கும் மேலே என்றால் 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் 4. அதை ஸ்பூனில்தான் ஊட்ட வேண்டும். இப்போதெல்லாம் கேன்டீன் அண்ணன் கரண்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்கிறார்: “இன்னிக்குக் கஞ்சி ரெண்டாம் நம்பர் மேடம்.” அளந்து பார்த்தால் சரியாகவே இருக்கிறது!

ராகிக் கூழ் சூட்டில் ஓடும், ஆறினால் இறுகும். ஆகவே நோயாளி எந்தச் சூட்டில் குடிப்பாரோ அந்தச் சூட்டில் அளக்க வேண்டும். ரசம் சாதம் லேசான சாப்பாடு என்று எல்லா வீட்டிலும் நம்பிக்கை. பலவீனமான தொண்டைக்கு அது பெரிய சோதனை: சோறு இன்னும் வாயில் இருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும். ஆசையாக வாங்கிவரும் ஐஸ்கிரீம் வாய்க்குள் உருகித் தண்ணீராகிவிடும். இட்லியைச் சாம்பாரில் நன்றாக ஊறவைத்து முள்கரண்டியால் அழுத்துவோம். அழுத்துகிற கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவு போதும். அதில் நசுங்கி, கரண்டியை எடுத்த பிறகும் எழும்பாமல் கிடந்தால் இட்லி பாஸ்!

இனி எனக்கு மிகவும் பிடித்த அறை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறதா? அதுதான் ஃபுளோரோஸ்கோபி அறை. கனமான ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, கழுத்துக்கும் ஒரு ஈயப்பட்டை கட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள். இங்கே சாப்பிடுவதை எக்ஸ்ரேயில் சினிமாவாகப் பார்க்கலாம். உணவு திரையில் தெரிவதற்காக அதில் பேரியம் கலப்போம். பேரியம் தண்ணீர், பேரியம் கூழ், பேரியம் சாம்பாரில் ஊறிய இட்லி. ருசி சுண்ணாம்புதான், நானே ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அன்று நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரோக்கில் தொண்டையின் இடது பக்கம் தளர்ந்து போனவர். “முழுங்குங்க ஐயா” என்றதும் திரையில் கறுப்பு நிழல் நாக்கின் மேல் வழுக்கி இறங்கியது. பாதி உணவுக்குழாய்க்குள் போயிற்று. மீதி தொண்டையின் குழிகளில் தங்கி, ஒரு மெல்லிய கோடாக மூச்சுப்பாதைப் பக்கம் கசிந்தது. அவர் இருமவே இல்லை. நான் அவர் காதருகே போய், “ஐயா, இப்ப இடது தோளைப் பார்த்துத் தலையைத் திருப்பிட்டு முழுங்குங்க” என்றேன். தலை தளர்ந்த பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துப் பாதை நெருக்கிக்கொள்ளும். உணவு பலமுள்ள பக்கமாகப் போகும். போயிற்று! நிழல் வலது பக்கமாக வழுக்கி முழுசாக இறங்கியது, கசிவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ரேடியாலஜிஸ்ட், டெக்னீஷியன் எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர் கழுத்தைத் திருப்பியபடியே கேட்டார்: “அப்ப நாளைக்குக் காபி உண்டா?” உண்டு! கொஞ்சம் கெட்டியாக்கிய காபி, இடது தோளைப் பார்த்தபடி.

இந்தப் பரிசோதனைக்கு வடிவம் கொடுத்தவர் எங்களைப் போல ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஜெரி லோகெமான், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். விழுங்கல் கோளாறுகள் பற்றி 1983-ல் அவர் எழுதிய புத்தகத்தில்தான் இந்தத் துறை எழுந்து நின்றது. புளிப்பு சிலருக்கு விழுங்கலைச் சீக்கிரம் தூண்டுகிறது என்று 1995-ல் அவர் குழு வெளியிட்டது. சொட்டு எலுமிச்சைச் சாறோடு ஸ்பூனை நீட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோக முடியாத ஐ.சி.யூ. நோயாளிக்கு, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கித் தொண்டையை மேலிருந்து பார்ப்போம். சூசன் லாங்மோர் 1988-ல் எழுதிக் காட்டிய முறை அது. இளஞ்சிவப்புத் தொண்டையில் பச்சைத் தயிர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். பச்சைச் சாயம் எதற்கென்று புரிந்ததா?

நியூரோ வார்டுக்கு ஒரு நடை போய் வரலாம். இங்கே ‘அஃபேசியா’ வந்தவர்கள் இருக்கிறார்கள். அறிவும் நினைவும் அவர்களுடையதுதான்; சொல் மட்டும் வெளியே வர மறுக்கிறது. 1861-ல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த லெபோர்ன் என்ற மனிதருக்கு ‘டான்’ என்ற ஓசை மட்டுமே வந்தது. அவர் இறந்த பின் மூளையின் இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார் புரோக்கா. அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். என் நோயாளி அம்மா ஒருவரிடம் “எத்தனை பிள்ளைங்கம்மா?” என்று கேட்டேன். உதடு தவித்தது, சொல் வரவில்லை. “சேர்ந்து எண்ணலாமா?” என்று தொடங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சரளமாக வந்தவர், மூணில் நின்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்று பிள்ளைகள்! எண்கள், கிழமைகள், சின்ன வயதுச் சாமி பாட்டு, கோபத்தில் வரும் வசவு, இவையெல்லாம் பல நேரம் தப்பிப் பிழைத்திருக்கும். பெயர் சொல்ல முடியாதவர் பழைய சினிமாப் பாட்டை முழுசாகப் பாடும்போது வார்டே எட்டிப் பார்க்கும். அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டே ‘தண்ணி வேணும்’ என்று சொல்லவைக்கும் பயிற்சி 1970-களிலிருந்து இருக்கிறது.

பேச்சே எட்டாத நிலையில், கண் இமையை மட்டும் அசைக்க முடிந்தவர்களும் உண்டு. ழான் டொமினிக் போபி என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் வேண்டிய எழுத்து வரும்போது இடது கண்ணைச் சிமிட்டியே ஒரு புத்தகம் எழுதினார். பிரெஞ்சுக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247. எப்படிச் சமாளிப்பது? எங்கள் பலகையைப் பாருங்கள், எனக்கு இதில் பெரிய சந்தோஷம். முதலில் வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று கேட்போம். ஒவ்வொன்றிலும் ஆறே எழுத்து, விரலை நகர்த்திக்கொண்டே போவோம். பிறகு குறிலா, நெடிலா, புள்ளியா. நாலாம் வகுப்பு இலக்கணம் ஐ.சி.யூ.வுக்குள் வந்துவிட்டது! ஒருவர் மெல்லினத்தில் ஐந்தாவதில் சிமிட்டினார்: ம. நெடிலில் ஆறாவது: மோ. இடையினத்தில் இரண்டாவது, புள்ளி: ர். மோர்! விழுங்க அவர் தொண்டை அன்று தயாராக இல்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியை மோரில் நனைத்துப் பிழிந்து நாக்கில் தடவினோம். அவர் கண்ணை மூடி, வெகுநேரம் திறக்கவில்லை.

பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வைக் கண்ணாடி வழியாக மட்டும் பாருங்கள், சத்தம் வேண்டாம். உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு என்ற தாளம் கர்ப்பத்தின் 32 முதல் 34 வாரத்தில்தான் குழந்தைகளுக்குச் சேரத் தொடங்கும். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பாலாடையில் துளித்துளியாகப் புகட்டி, நடுவே மூச்சுக்கு நிறுத்தக் கற்றுத்தருகிறோம். நம் வீட்டுப் பாலாடை அங்கே வரிசையாக, கொதிநீரில் சுத்தமாகி உட்கார்ந்திருக்கிறது.

புற்றுநோயால் குரல்வளையையே எடுத்துவிட்டவர்களுக்கும் குரல் உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சிறு வால்வைப் பொருத்தினால், உணவுக்குழாயின் சுவர் அதிர்ந்து பேச்சாகும். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய். பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் ‘ஓம்’ என்ற வால்வைச் சுமார் 50 ரூபாய்க்கு உருவாக்கினார். இந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் துறையே இனிப்பு சாப்பிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்: இந்த வேலைக்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்று நான்கு ஆண்டுப் படிப்பு, அதில் ஓராண்டு முழுக்கப் பயிற்சி. மைசூரில் 1965-லிருந்து இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. நம் சென்னையிலும் படிக்கலாம்.

நாளைக்குக் காலையில் என்ன தெரியுமா? மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டு வைத்த டிரக்கியாஸ்டமி குழாயோடு, பல வாரமாக உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பேசும் வால்வு மாட்டப் போகிறோம். தசைநோயால் வென்டிலேட்டரில் இருந்த டேவிட் முயர் என்ற அமெரிக்க இளைஞர், தனக்குப் பேச வேண்டும் என்று 1980-களில் யோசித்து உருவாக்கியது அது. விரல்நுனி அளவு. மூச்சை உள்ளே இழுக்கும்போது திறக்கும், வெளிவிடும்போது மூடிக்கொள்ளும். காற்று வேறு வழியில்லாமல் குரல் நாண்கள் வழியாக மேலே வரும். முதலில் சளியை உறிஞ்சி எடுத்து, குழாயின் பலூனிலிருந்து காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். அதை மறந்தால் அவர் மூச்சுவிட வழி இருக்காது. ஆகவே ஒவ்வொரு படியையும் இருவர் சரிபார்ப்போம். முதலில் ஒரு இருமல் வரும். பிறகு கரகரப்பாக ஒரு ‘ஆ’. அப்புறம் அவர் என்ன சொல்வார் என்று வார்டு முழுக்கப் பேச்சு. மகள் துபாயிலிருந்து வீடியோ காலில் காத்திருப்பாள். மனைவி இப்போதே புதுப்புடவை எடுத்து வைத்துவிட்டாராம். நைட் டியூட்டி சிஸ்டருக்குக் காலை ஏழரைக்கு ஷிஃப்ட் முடியும், வால்வு பத்து மணிக்குத்தான். “அதனால என்ன மேடம், நான் இருந்து சார் குரலைக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்” என்கிறார்.