அறுபதில் ஒன்று தாமதித்தால்

எட்டு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2020 டிசம்பர் 10-ஆம் தேதி ‘சைபர்பங்க் 2077’ வெளியானது. பழைய பிளேஸ்டேஷனில் அதை ஓட்டியவர்களுக்குக் காட்சி தடுக்கித் தடுக்கித்தான் நகர்ந்தது. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அந்த கேமை எடுத்துவிட்டது. மறுபடி சேர்க்க ஆறு மாதம் ஆனது. இத்தனைக்கும் அதை உருவாக்கியது, ‘விட்சர் 3’ என்ற புகழ்பெற்ற ரோல்-பிளேயிங் கேமைத் தந்த நிறுவனம்: போலந்தின் வார்சா நகரைச் சேர்ந்த சிடி புராஜெக்ட் ரெட்.

கணினியில் விளையாடுகிறவர்களுக்கு வேறொரு புதிர் உண்டு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. திரையின் மூலையில் 60 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் (படம்), என்று எண் தெரிகிறது. ஆனாலும் நெரிசலான ஒரு சந்தைத் தெருவுக்குள் நுழைந்தால் காட்சி வெட்டி வெட்டி இழுக்கிறது. உடனே இன்னும் பெரிய கார்டு வாங்கலாமா என்றுதான் யோசிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த ஃபிரேம் தாமதமாகிறது, யாரால் தாமதமாகிறது? இதை அளந்து தெரிந்துகொண்டவருக்குப் பெரும்பாலும் செலவில்லாமலே வழி கிடைத்துவிடும்.

16.7 மில்லிநொடிக் கெடு

சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். இந்த இடைவெளியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

முதலில் பிராசஸர். நீங்கள் அழுத்திய பொத்தான் என்ன, தெருவில் போகிறவர்கள் அடுத்த அடியை எங்கே வைப்பார்கள், எந்தக் கார் எதன்மேல் மோதும், எந்தெந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும் என்பதையெல்லாம் அது கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தருகிறது. அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. அந்தப் பட்டியலை வாங்கி, வடிவம், ஒளி, நிழல் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீட்டுகிறது. 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே திரையில் 82.9 லட்சம்.

கார்டு ஒரு ஃபிரேமை வரையும்போதே பிராசஸர் அடுத்ததற்கான வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே இருவரில் யார் மெதுவோ, அவர்தான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறார். மற்றவரை எவ்வளவு வலுவாக்கினாலும் பயன் இல்லை.

சராசரி மறைப்பது

எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம் வந்தது என்ற எண்ணிக்கை. எப்படி வந்தது என்பதை அது சொல்லாது. ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லிநொடியில் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 826 மில்லிநொடி ஆயிற்று. மிச்சம் உள்ள 174 மில்லிநொடியையும் கடைசி ஒரு ஃபிரேம் எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை 60தான், குறையே இல்லை. ஆனால் நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் படம் உறைந்து நின்றிருக்கிறது. வாள் வீச்சுக்கு நடுவே அப்படி நின்றால் ஆட்டம் முடிந்தது. மணிக்கு ஆறு பேருந்து உண்டு என்கிறது அட்டவணை. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்விட்டால், அடுத்து வருகிற பயணி முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கிறார் அல்லவா? அந்த நிலைதான் இங்கேயும்.

2011-இல் ஸ்காட் வாசன் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் ‘டெக் ரிப்போர்ட்’ இணையதளத்தில் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். நொடிக்கு இத்தனை என்று எண்ணுவதைவிட, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே குறித்து வரைபடமாக்கிப் பார்க்க வேண்டும் என்றார். சராசரியில் சமமாகத் தெரிந்த கார்டுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு வெளிப்பட்டது. இன்று கார்டு விமர்சனங்களில் ‘1 பர்சன்ட் லோ’ என்று தனியாக ஓர் எண் வருகிறதே, அது இந்தப் பார்வையின் தொடர்ச்சி. மிக மோசமாகத் தாமதித்த ஒரு விழுக்காடு ஃபிரேம்களின் நிலையைச் சொல்லும் எண் அது.

யார் தாமதம்?

இதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இன்டெல்லின் பிரசென்ட்மான், கேப்ஃபிரேம்எக்ஸ், ஆஃப்டர்பர்னர் ஆகியவை ஃபிரேம் நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும். சைபர்பங்க்கில் 2022 பிப்ரவரியில் வந்த 1.5 அப்டேட் முதல் உள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் சோதனையும் இருக்கிறது.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. நெரிசலான இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனைச் சட்டென்று 720பி-க்குக் குறையுங்கள். வேகம் கூடினால் திணறியது கார்டு. வேகம் அப்படியே இருந்தால் காரணம் பிராசஸர். பிக்சல் குறைந்தாலும் பிராசஸருக்கு வேலை குறைவதில்லை என்பதுதான் இதன் அடிப்படை.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 30 விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். பிராசஸருக்குள் இருக்கும் பல கோர்கள் சும்மா இருக்க, ஒரே ஒரு கோர் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடிகிற வேலை எவ்வளவு இருக்கிறதோ, அதுவே மொத்த வேகத்துக்கும் உச்சவரம்பு என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். கேம் உலகம் அந்த விதியோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

கார்டு திணறினால்

மருந்து கேமின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் ‘லோ’வில் தள்ளிவிட்டுப் படத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அதிகம் விழுங்குபவை சிலவே: ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து வரையும் ரே டிரேசிங், ஈரச் சாலையிலும் கண்ணாடியிலும் தெரியும் பிரதிபலிப்பு, நிழலின் தரம், ஒளி ஊடுருவும் பனிமூட்டம். சைபர்பங்க்கில் பிரதிபலிப்பை ‘சைக்கோ’ என்ற உச்ச நிலையிலிருந்து இரண்டு படி இறக்கினால் ஓடிக்கொண்டே விளையாடும் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. கார்டுக்கோ பெரிய பாரம் இறங்கும்.

ஒளி ஏன் இவ்வளவு விலை கேட்கிறது? ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் தெறித்து எங்கெல்லாம் போகும் என்பதை ஒரே சமன்பாட்டில் அடக்கி, அதைத் தீர்க்க ‘பாத் டிரேசிங்’ என்ற முறையையும் 1986-இல் ஜேம்ஸ் கஜியா முன்வைத்தார். திரைப்பட நிறுவனங்கள் இந்த வகைக் கணக்கில் ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் செலவிடும். சைபர்பங்க் 2023 ஏப்ரலில் ‘ஓவர்டிரைவ்’ என்ற பெயரில் இதையே ஓடும் கேமுக்குள் கொண்டுவந்தது. அது பெரும் சாதனை. ஆனால் எல்லாருடைய கணினிக்கும் உரியது அல்ல. அதை அணைத்து வைத்தால் எந்தக் கதையையும் இழக்க மாட்டோம்.

பரப்புகளின் மேல் போர்த்தப்படும் படங்களான டெக்ஸ்சரின் தரம் மட்டும் வேறு ரகம். கார்டின் சொந்த நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அது வேகத்தைத் தொடாது. இடம் நிரம்பியதும் விவகாரம் ஆரம்பிக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் 8 ஜிபி நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் படிக்கும். அங்கே இல்லாததைக் கணினியின் ரேமிலிருந்து எடுக்கப் போனால் நடுவிலுள்ள பாதையின் வேகம் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. பதினேழில் ஒரு பங்கு! நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் அரை மணி நேரம் கழித்து விக்கத் தொடங்கினால் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

பிராசஸர் திணறினால்

அப்போது நிழலைக் குறைத்தும் ரெசல்யூஷனைக் குறைத்தும் பெரிய பயன் இருக்காது. சைபர்பங்க்கில் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைக்கும் செட்டிங் இருக்கிறது. ஆள் குறைந்தால் கணக்கு குறையும். ரே டிரேசிங்கும் பிராசஸருக்குக் கூடுதல் வேலை தரும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரேமைச் சோதிப்பதும் அவசியம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால், ஒரு சேனல் வழியாகத்தான் தரவு போகும். டிடிஆர்4-3200 ரகத்தில் நொடிக்கு 25.6 ஜிபி. அதே 16 ஜிபியை இரண்டு எட்டாகப் பிரித்துச் சரியான இடங்களில் பொருத்தினால் 51.2 ஜிபி. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த ஒரு மாற்றமே கேமின் போக்கை மாற்றிவிடும்.

ரோல்-பிளேயிங் கேம்கள் பிராசஸரை ஏன் இவ்வளவு வதைக்கின்றன என்பதற்கு பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் தந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ அருமையான சான்று. காட்டிலும் குகையிலும் இலகுவாக ஓடிய கேம், கதையின் மூன்றாம் பாகத்தில் பெருநகருக்குள் போனதும் பலருக்கு மூச்சிரைத்தது. அங்கே ஒவ்வொரு பாத்திரமும் பார்க்கிறது, கேட்கிறது, நடக்கிறது. 2023 டிசம்பரில் இன்னொன்றும் தெரியவந்தது. யாரும் பார்க்காமல் நீங்கள் செய்த திருட்டையும் கொலையையும் கேம் மனதில் வைத்துக்கொண்டு, யாருக்காவது தெரிந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பிழையால் அந்தச் சரிபார்ப்பு முடியவே இல்லை. குற்றம் கூடக் கூட கேமின் வேகம் குறைந்தது. லேரியன் அப்டேட் அனுப்பித்தான் தீர்த்தது. நம் செயலை உலகம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதுதான் இந்த வகை கேமின் அழகு. அந்த நினைவுக்குரிய விலையைப் பிராசஸர் கொடுக்கிறது.

முதல்முறை மட்டும் விக்கினால்

புதிய இடம், புதிய எதிரி, புதிய மாயம் வரும்போது மட்டும் ஒரு விக்கல். இரண்டாம் முறை இல்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஷேடர். ஒரு பரப்பில் ஒளி பட்டால் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல் அது. கன்சோலில் இருப்பது ஒரே வகைச் சிப் என்பதால் அதை முன்கூட்டியே தயார் செய்து அனுப்பிவிடலாம். கணினியிலோ நூறு விதமான கார்டு, நூறு விதமான டிரைவர். ஆகவே உங்கள் கணினியில் வந்துதான் அது இறுதி வடிவம் பெற வேண்டும். விளையாட்டின் நடுவே அந்த வேலை நடந்தால் கெடு தவறும்.

2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’ கணினியில் 60 எஃப்பிஎஸ்-க்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டது. இருந்தும் உயர்ந்த கார்டுகளிலும் அது விக்கியது. அதே நேரத்தில் சந்தைக்கு வந்த ‘ஸ்டீம் டெக்’ என்ற சிறு கையடக்கக் கருவியில் வால்வ் நிறுவனப் பொறியாளர்கள் அந்த விக்கலைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். ஷேடரோடு, நினைவகத்தைக் கையாளும் முறையிலும் கோளாறு இருந்ததைக் கண்டறிந்து தங்கள் மென்பொருள் அடுக்கில் சரிசெய்தார்கள். கருவி சிறியது, கவனம் பெரியது.

கேம் தொடங்கும்போது ‘ஷேடர் தயாராகிறது’ என்று காக்க வைத்தால் பொறுமையாக இருங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகு இந்த வேலை மறுபடி நடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கும் விக்கலுக்கு ஒரு காரணம். நகருக்குள் வேகமாகக் கார் ஓட்டும்போது அடுத்த தெருவை அது நேரத்துக்குப் படித்துத் தருவதில்லை. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபோது சைபர்பங்க் தன் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியைச் சேர்த்துவிட்டது.

பத்து நிமிடத்துக்குப் பின் தளர்ந்தால்

வெப்பம். சிப் சூடானதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த விசிறியும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் சிப்பை வைக்க முடியாது. அறை பத்து டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு சூடாகும். குளிர்நாட்டில் சோதித்து எழுதிய விமர்சனத்தில் சீராக ஓடிய லேப்டாப், சித்திரை வெயிலில் நம் வீட்டில் தளர்ந்து போவதற்கு இதுவே போதும். தூசி தட்டுவது, அடியில் காற்று புக இடம் விடுவது, மின்இணைப்பில் வைத்தே விளையாடுவது, எஃப்பிஎஸ்-க்கு ஒரு வரம்பு வைப்பது ஆகிய நான்கும் காசு கேட்காத வைத்தியங்கள். 45-க்கும் 70-க்கும் இடையே அலைவதைவிட நிலையாக 40-இல் ஓடுவது கண்ணுக்கு இதமானது. 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 மிகச் சரியாகப் பொருந்தும்: மூன்று முறைக்கு ஒரு புதுப் படம்.

எண்ணைப் பெருக்கும் தந்திரம்

கார்டு திணறுகிறவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளில் கிடைத்த பெரிய உதவி, அப்ஸ்கேலிங். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்றவை குறைந்த பிக்சலில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்து முழு அளவுக்கு உயர்த்துகின்றன. 4கே திரையில் ‘குவாலிட்டி’ நிலை என்றால் கார்டு உண்மையில் வரைவது 1440பி, அதாவது 44 விழுக்காடு பிக்சல்தான். படம் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். 1080பி திரையிலோ அதே நிலை 720பி-யிலிருந்து கிளம்புவதால் மெல்லிய கம்பியும் தலைமுடியும் கலங்கித் தெரியலாம். பிராசஸர் திணறும் இடத்தில் இது உதவாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபிரேம் ஜெனரேஷன் என்பது வேறு. இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே கணித்து வரைந்த ஒன்றைச் செருகும் முறை இது. 2025 ஜனவரியில் என்விடியா இதை ஒரு உண்மை ஃபிரேமுக்கு மூன்று கணிப்பு ஃபிரேம் வரை உயர்த்தியது. எண் விறுவிறுவென்று ஏறும். அசைவும் வழவழப்பாகத் தெரியும். ஆனால் செருகப்பட்ட ஃபிரேம்களில் உங்கள் கைக்கு இடமில்லை. நடுவில் வரைய அடுத்த உண்மை ஃபிரேம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், பொத்தான் அழுத்தியதன் விளைவு இன்னும் சற்றுப் பிந்தியே தெரியும். 60-இல் ஓடுவதை 120 ஆக்க இது நல்ல துணை. 25-இல் தள்ளாடுவதை இது காப்பாற்றாது.

எஃப்பிஎஸ் எண்ணை வைத்து மட்டும் கார்டு விற்கும் காலத்தில் ஃபிரேம் நேரக் கோட்டைப் படிக்கத் தெரிவது வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு. கேம் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே: உள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க், விளையாடும் முன்பே ஷேடரைத் தயார் செய்யும் ஏற்பாடு, எந்த செட்டிங் யாருக்குச் சுமை என்ற தெளிவான குறிப்பு. இவை கிடைக்கும்வரை நம் வரிசை எளியது. முதலில் அளப்பது, பிறகு ரேமும் வெப்பமும், பிறகு செட்டிங்ஸ், பிறகு அப்ஸ்கேலிங். புதிய கார்டு கடைசியில். முதல் நான்கையும் பொறுமையாகச் செய்து முடித்தவர்களில் பலருக்கு ஐந்தாவது தேவைப்படாது.