குக்கல் தடுப்பூசி: ஊரிலும் இங்கும்

பலெர்மோவில் வாழும் நம் தாய்மாரிடையே ஒரு வினா எழுவதுண்டு. ஊரில் முக்கூட்டு ஊசி போட்ட இரவு குழந்தை காய்ச்சலில் அனுங்கும், தொடை வீங்கும். இங்கோ ஊசி போட்ட குழந்தை அமைதியாக உறங்குகின்றது. அப்படியாயின் இந்த ஊசிக்கு வலு உண்டா?

இலங்கையில் வழங்கப்படுவது குக்கல் கிருமியை முழுமையாகக் கொன்று ஆக்கிய மருந்து. இத்தாலியில் வழங்கப்படுவது அக்கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து ஆக்கியது. 1992இல் தொடங்கி, இத்தாலியின் நான்கு பிராந்தியங்களில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளிடம் இவ்விருவகையும் ஒப்பிடப்பட்டன. புரத ஊசிகள் இரண்டும் 84 வீதம் காத்தன. முழுக்கிருமி ஊசி 36 வீதமே காத்தது. காய்ச்சலும் வீக்கமும் புரத ஊசிகளில் மிகக் குறைவு. காய்ச்சல் வலுவுக்கு அளவுகோல் அன்று.

ஆயினும் அது ஒரு தயாரிப்பின் பெறுபேறு மட்டுமே. வேறு முழுக்கிருமி ஊசிகள் நன்கு காத்துள்ளன. ஊரில் ஊசி பெற்ற பிள்ளையைக் குறித்து அஞ்சவேண்டியதில்லை.

புரத ஊசியின் குறை வேறு. அதன் காப்பு ஆண்டுகள் செல்ல விரைந்து தேய்கின்றது. ஆகவே முதலாண்டின் மூன்று ஊசிகளோடு நின்றுவிடலாகாது. பள்ளி செல்லும் வயதிலும் பதின்ம வயதிலும் மீளப் பெறவேண்டும். முதல் ஊசிக்கு முந்திய வாரங்களே பேராபத்தானவை. 2024இல் இத்தாலியில் குக்கல் பரவியபோது பச்சிளங் குழந்தைகள் உயிரிழந்தனர். கருவுற்ற தாய் 28ஆம் வாரமளவில் ஊசி பெற்றால், அவளது பிறபொருளெதிரிகள் சிசுவையும் காக்கும்.

வதிவிட அனுமதி இல்லையென எவரும் தயங்கவேண்டாம். தடுப்பூசி பெறும் உரிமையை 1998ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் வழங்குகின்றது. ஊரில் தந்த தடுப்பூசி அட்டையை மறவாது எடுத்துச் செல்லுங்கள்.