மஸ்டாங்கும் ஜெர்மன் ஆய்வுக் குழியும்

ஜெர்மனியில் ஓடும் பழைய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு நிலையத்துக்குப் போயாக வேண்டும். முன்சக்கரங்கள் இரும்புத் தட்டுகள்மேல் ஏறி நிற்க, தட்டுகள் இங்குமங்கும் அசையும். கீழே குழியில் டார்ச்சோடு நிற்பவர் எந்த மூட்டு ஆடுகிறது என்று பார்ப்பார். ஆட்டம் கூடுதலாக இருந்தால் சான்று கிடையாது. 1965 ஃபோர்டு மஸ்டாங் என்பதற்காகச் சலுகையும் இல்லை.

அந்தக் காலத்து மஸ்டாங்குகளை ஃபோர்டே அங்கே விற்றது, வேறு பெயரில். லாரி தயாரித்த க்ருப் நிறுவனத்திடம் 'மஸ்டாங்' என்ற பெயரின் உரிமை இருந்ததால், 1970-களின் கடைசிவரை ஜெர்மனியில் அது 'டி-5'. பிற்பாடு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை ஏராளம். கைசர்ஸ்லாட்டர்ன், ராம்ஸ்டைன் வட்டாரத்து அமெரிக்கப் படையினர் கொண்டுவந்தவையும் உண்டு. காருக்கு 30 வயதாகி, அசல் நிலையும் குலையாமல் இருந்தால் நம்பர் பிளேட்டில் 'எச்' எழுத்து கிடைக்கும். அப்போது ஆண்டு வரி 191.73 யூரோதான். அந்த எழுத்து இல்லாவிட்டால் 4.7 லிட்டர் வி-8 எஞ்சினுக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடும். ஆடும் பழைய ஸ்டீயரிங்குக்குப் பதில் நவீன ரேக் அண்ட் பினியன் கிட் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்ற ஆசை அதனால்தான் அங்கே சுலபத்தில் பலிப்பதில்லை. அதற்குத் தனி ஒப்புதல் வாங்கி ஆவணத்தில் பதிய வேண்டும். எச் எழுத்துக்கும் ஆபத்து. பழைய அமைப்பையே சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். ஒழுங்காக இருந்தால் அது ஓட்ட மோசமில்லை.

ஸ்டீயரிங்கில் ப்ளே, அதாவது வெற்று ஆட்டம், அதிகமானால் பலரும் முதலில் ஸ்டீயரிங் பாக்ஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். மேலே இருக்கும் திருகை இறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பு. பாக்ஸுக்குள் பற்கள் அதிகம் தேய்வது நேராக ஓடும் நடு நிலையில். அந்த இடத்துக்குப் பொருந்தும்படி இறுக்கினால், வளைவில் தேயாத பற்கள் சிக்கிக்கொள்ளும். திரும்பிய சக்கரம் தானாக நேராவதும் நின்றுபோகும். இந்தத் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

உண்மையில் ப்ளே ஒளிந்திருப்பது மூட்டுகளில். பாக்ஸிலிருந்து இறங்கும் பிட்மன் ஆர்ம் ஒரு நீளக் கம்பியைத் தள்ளுகிறது. அதன் மறுமுனையை ஐட்லர் ஆர்ம் தாங்குகிறது. கம்பியிலிருந்து இருபுறமும் டை ராடுகள் சக்கரத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு மூட்டும் துளித்துளி தேய்ந்தால் கையில் இரண்டு விரல் அகலம் ஆட்டம் தெரியும். கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை லேசாக அசைக்க, மற்றவர் கீழே படுத்து மூட்டு மூட்டாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும்.

பாகம் வாங்குவதில்தான் வெளிநாட்டு வாழ்க்கையின் கஷ்டம் தெரியும். ஆறு சிலிண்டர் காருக்கு ஒரு டை ராடு, வி-8-க்கு வேறு. பவர் ஸ்டீயரிங் இருந்தால் நடுக்கம்பியும் பிட்மன் ஆர்மும் வேறு. 1967-ல் எல்லாம் மறுபடி மாறியது. சேஸிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்: 'டி' (T) என்றால் ஆறு சிலிண்டர், 'சி' அல்லது 'ஏ' என்றால் 4.7 லிட்டர் வி-8. ஆனால் அறுபது ஆண்டில் எத்தனை கை மாறியிருக்கும்! ஆறு சிலிண்டராகப் பிறந்து வி-8 இதயம் பொருத்தப்பட்ட கார்கள் நிறைய. சக்கரத்தில் நான்கு போல்ட்டா, ஐந்தா என்று எண்ணி, மூட்டின் கூம்புத் தண்டை வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே ஆர்டர் போட வேண்டும். கடல் தாண்டித் தவறான பாகம் வந்தால் திருப்பி அனுப்பும் கூலி அதன் விலையைத் தொட்டுவிடும். 2021 ஜூலை முதல் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலைக்கு வாங்கி வரவழைக்கும் எந்தப் பார்சலுக்கும் வாட் வரி உண்டு. ஜெர்மனியில் 19 சதவீதம், அனுப்பும் கூலியையும் சேர்த்த தொகைக்கு. பொருளின் மதிப்பு 150 யூரோவைத் தாண்டினால் சுங்கத் தீர்வையும் சேரும். ஐரோப்பாவிலேயே உள்ள அமெரிக்க உதிரிபாகக் கடையில் விலை கூடுதல்தான். ஆனாலும் சந்தேகமான பாகத்தை அங்கே வாங்குவதே லாபம்.

அமெரிக்கப் படையினர் பாடு கொண்டாட்டம். அவர்களுடைய ஏ.பி.ஓ. எனும் இராணுவ அஞ்சல் முகவரிக்கு, அமெரிக்க உள்நாட்டு அஞ்சல் கட்டணத்திலேயே 70 பவுண்டு வரை பார்சல் வரும். தளத்துக்குள் லிஃப்ட்டும் கருவிகளும் உள்ள பட்டறையை வாடகைக்கும் எடுக்கலாம். ஆனால் அதே வழியில் பக்கத்து வீட்டு ஜெர்மானியருக்கு ஒரு டை ராடு வரவழைத்துக் கொடுத்தால் அது சுங்கக் குற்றம்.

கழற்றும் வேலைக்கு அங்குல ஸ்பானர்கள் வேண்டும். 9/16 அங்குல நட்டில் 14 மி.மீ. ஸ்பானர் ஏறாது, 15 மி.மீ. முனையை மழுக்கிவிடும். டை ராடை மரை கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால், புதியதை ஏறக்குறைய அதே நீளத்தில் வைக்கலாம். ஐட்லர் ஆர்மில் ரப்பர் புஷ் இருப்பதால் சக்கரத்தை நேராக வைத்தே இறுக்க வேண்டும். சாய்வாக இருக்கும்போது இறுக்கினால் முறுக்கிய ரப்பர் காரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பாக்ஸை வெளியே எடுப்பது மட்டும் தனி வேதனை. 1965, 1966 மாடல்களில் அதன் தண்டு ஸ்டீயரிங் வளையம்வரை ஒரே துண்டு. முன்பக்க மோதலில் ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நிற்கும் ஈட்டி அது. மடங்கும் தண்டு பிற்பாடுதான் வந்தது. அவ்வளவு நீளத்தைப் பார்சலில் அனுப்புவதைவிட, உள்ளூர்ப் பட்டறையில் பேரிங்கும் சீலும் மாற்றுவது மேல்.

கடைசியில் வீல் அலைன்மென்ட். ஃபோர்டு கையேட்டின் எண்கள் அக்காலத்து பயாஸ் டயருக்கானவை. இன்றைய ரேடியல் டயருக்கு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பி நிற்பது, 3 மி.மீ. அளவில் இருந்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதி, அலைன்மென்ட் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுவது நல்லது.