மீனுக்கு விருந்து, செலவு காட்டுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கொல்கத்தாவைச் சுற்றியுள்ள குளக்கரைகளில் இடம் பிடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. குடை, மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்கில் தேநீர். குளத்துக்காரரிடம் பணம் கட்டி டிக்கெட் வாங்கினால்தான் தூண்டில் போடலாம். அந்தக் காசுக்குச் சந்தையில் மீன் வாங்கிவிடலாமே என்று கேட்பவருக்கு வங்காளியைத் தெரியாது என்று அர்த்தம்.

மூட்டையில் மிகக் கவனமாகப் பொத்தி வைக்கப்படுவது தூண்டில் கோல் அல்ல, இரை. இதில் இரண்டு வகை. தண்ணீரில் கொட்டி மீன்களை ஓரிடத்தில் கூட்டுவது 'சார்'. முள்ளில் மாட்டுவது 'டோப்'. சாரின் உயிர் வாசனை. கடுகுப் புண்ணாக்கு, தவிடு, வறுத்துப் பொடித்த வெந்தயம், 'ஏகாங்கி' என்று அங்கே சொல்லப்படும் கச்சோலக் கிழங்கு எல்லாம் சேரும். என்னென்ன சேர்ப்பது என்பதை யாரும் சொல்வார்கள். எவ்வளவு என்பதைச் சொல்ல மாட்டார்கள். கலங்கிய குளத்தில் மீன் மோப்பத்தை நம்புவதால் இந்த மசாலாவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அள்ளிக் கொட்டினால் மீன் சாரிலேயே வயிறு நிறைந்து முள் பக்கம் திரும்பாது.

டோப்பைத் தீர்மானிப்பது மீனின் வாய். கட்லாவின் வாய் மேல்நோக்கியது, மேல்மட்டத்தில் மேயும். அதற்கு மிருதுவான மாவு உருண்டை, தக்கையைச் சரிசெய்து அடிச்சேற்றுக்கு மேலேயே நிறுத்த வேண்டும். மிர்கால் அடிமட்டத்தைக் கிளறும்; அங்கே மண்புழு எடுபடும். விராலுக்குத் தவளையோ உயிருள்ள சிறு மீனோ வேண்டும். நடுமட்டத்தில் திரியும் ரோகுதான் பொறுமையைச் சோதிக்கிறது. தக்கை லேசாக ஆடும், அவ்வளவுதான். இழுத்துப் பார்த்தால் வெறும் முள். இந்த ரோகுவுக்காகவே எறும்பு முட்டை தேடி அலைகிறார்கள் கொல்கத்தாக்காரர்கள்.

முட்டை என்பது பேச்சு வழக்கு. பெரும்பாலும் அவை முசுறு எறும்பின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும். இந்த எறும்புகள் இலைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூடு கட்டுவது புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால். பட்டெல்லாம் வீட்டுக்கே செலவாவதால் புழு தனக்கென்று உறை பின்னிக்கொள்வதில்லை. வெள்ளையாக, கொழுப்போடு, மெத்தென்று இருக்கும். மீனுக்கு வேறென்ன வேண்டும்?

இது கொல்கத்தாவில் விளைவதல்ல. ஜார்கிராம், பாங்குரா, புருலியா பக்கத்துச் சால் மரக் காடுகளிலிருந்து வருகிறது. ஆதிவாசிகள் நீண்ட மூங்கில் நுனியில் கூடை கட்டி, உயரத்துக் கூட்டைக் குத்தி உலுக்குகிறார்கள். கோபம் கொண்ட எறும்புகள் உடம்பெல்லாம் கடிக்கும். யானைகள் நடமாடும் காடு என்பது தனிக் கவலை. சரக்கோ சீக்கிரம் கெட்டுப்போகும். பேரம் பேசிக் காத்திருக்க முடியாது. இடைத்தரகர்கள் கைமாறி நகரத்துக் கடைக்கு வரும்போது விலை எங்கோ போயிருக்கும், கடிபட்டவருக்கு அதில் பெரிய பங்கில்லை. அவருக்கு இது உணவும்கூட. ஒடிசாவின் மயூர்பஞ்சில் இதே எறும்பை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பறிப்பதிலும் முறை உண்டு. ஒரே ராணிக்குப் பல மரங்களில் கூடுகள் இருக்கும். புழுக்களை எடுத்துக்கொண்டு எறும்புகளை மரத்திலேயே உதறிவிட்டால் அவை மறுபடி கட்டிக்கொள்ளும். கிளையோடு வெட்டி எடுத்து, அந்தக் கூட்டில் ராணியும் இருந்துவிட்டால் குடியே முடிந்தது. மா, முந்திரி மரங்களில் பூச்சிகளை வேட்டையாடும் காவலாளியும் இந்த முசுறுதான். தேவை கூடும்போது பொறுமையாக உதற யாருக்கு நேரம்?

குளக்கரையில் இந்தக் கணக்கெல்லாம் பேசப்படுவதில்லை. ஆனால் விலை பேசுகிறது. எறும்பு முட்டையை ரொட்டித் துண்டோடு பிசைந்து, ஒரு பொட்டலத்தை நாள் முழுக்க இழுத்து ஓட்டுபவர்கள் உண்டு. ரோகு ஏமாந்தால் சரி.