விற்பவரின் சுதந்திரம்



பொருளாதாரச் சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் இயக்கத்தில் பலர் முகம் சுளிப்பார்கள். முதலாளிகளின் சொல் என்று அதை ஒதுக்கிப் பழகிவிட்டோம். அதை அவர்களிடமே விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. எந்தத் தோழரின் நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அவர் பாதி வாழ்நாளைப் பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதியே கழித்தவர். அந்த நிலத்தை வைத்தே பேசுகிறோம்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு நம் முன்னோர் தர்காஸ்து போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை போனது. அதைவிடக் கொடுமை, குடிசை நின்ற மனையும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி போதாது என்று வாய் திறந்தால் வேலை மட்டுமா போகும்? கூரையும் போகும். ஒப்பந்தம் என்பது இரு தரப்பும் விரும்பிச் செய்துகொள்வது என்கிறது பாடநூல். நிற்கிற மண்ணே எதிராளியுடையது என்றால் அங்கே விருப்பம் எங்கிருந்து வரும்?

1892இல் அரசு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கூடவே நிபந்தனைகளும் வந்தன. பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானமோ குத்தகையோ கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். என் நிலத்தை நான் விரும்பியவருக்கு விற்க முடியாது என்றால் அது என்ன உடைமை? முதுகலை வகுப்பில் எங்களிடம் இதைக் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் கோபப்பட்டோம்.

பதில், எங்களை மடக்கப் பயன்பட்ட புத்தகத்திலேயே இருந்தது. ராபர்ட் நோசிக் 1974இல் எழுதிய நூல் தடையற்ற உடைமைக்கு வாதாடுவது. உடைமை நியாயமா என்று பார்க்க அவர் மூன்று கேள்விகள் வைக்கிறார். முதலில் நியாயமாகப் பெறப்பட்டதா, பிறகு நியாயமாகக் கைமாறியதா, இரண்டில் ஒன்று பிசகியிருந்தால் அது சீர்செய்யப்பட்டதா? வகுப்பில் கூடைப்பந்து வீரரின் உதாரணத்தை மட்டும் விரிவாக நடத்தினார்கள். மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிட்டது! அந்தக் கேள்வியைச் செங்கல்பட்டு மிராசுக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைகளாக உழுதவரை ஒதுக்கிவைத்துச் சேர்த்த உடைமை, நோசிக்கின் கணக்கிலேயே நிற்காது. பஞ்சமி நிலம் சலுகை அல்ல, பாதியில் நின்றுபோன சீர்செய்தல் என்பது எங்கள் வாதம்.

அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காகத் தயாரித்த ‘மாகாணங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கை இன்னும் ஒரு படி போகிறது. அரசு விலகி நின்றால் மிஞ்சுவது யாருடைய சுதந்திரம் என்று அவர் கேட்டார். வாரத்தை உயர்த்த நிலக்கிழாருக்கும், கூலியைக் குறைக்க முதலாளிக்கும்தான் அது கிடைக்கும் என்றார். வேலையற்றவன் பிழைப்புக்காகத் தன் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் நிலையில், அடிப்படை உரிமைகளுக்கு என்ன பொருள் என்பது அவர் கவலை. நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணையாகக் குடியானவர்களிடம் குத்தகைக்கு விடச் சொன்னார். அந்தத் தீர்வில் எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. தாசில்தார் அலுவலகத்தில் காத்துக் கிடந்த எவரும் எல்லா நிலத்தையும் அரசிடம் கொடுக்கத் தயங்குவார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

நிபந்தனையை நாங்கள் ஆதரிக்கிறோம். அந்த ஆதரவுக்கு ஒரு விலை உண்டு, அதை நாங்கள் கொடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலனியில் ஓர் அம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கையில் அரை ஏக்கர் பஞ்சமி நிலம். வங்கியில் அடமானம் எடுக்க மறுத்துவிட்டார்கள். காலனிக்குள் வாங்க வசதியுள்ளவர் எவருமில்லை. தரகர் ஒருவர் பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று, எங்கும் கிடைக்காத தொகை சொன்னார். விற்காதீர்கள் அம்மா, 1994இல் காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள் என்றோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி சாமி. ஃபீஸ் கட்ட வர்ற திங்கக்கிழமதான் கடைசி. நீங்க கட்டுறீங்களா?” என்றார்.

எங்களால் திரட்ட முடிந்தது முதல் தவணைக்குக்கூடப் போதவில்லை. விற்பதைத் தடுக்கும் அரசு, அதே நிலத்தின் மேல் கடன் கொடுக்கவும் கடமைப்பட்டது என்ற கோரிக்கையை அன்று இரவு திரும்பும் பேருந்தில்தான் முதன்முதலாக எழுதினோம். அதுவரை எங்கள் மனுக்கள் எதிலும் அந்த வரி இல்லை.

மறு வருடம் போனபோது அந்த அரை ஏக்கரில் மனைக்கல் நட்டிருந்தார்கள். மகள் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நிலத்தை மீட்க நாங்கள் மனு போட்டிருக்கிறோம். அதில் முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது.