ஒரே கம்பியில் பேச்சும் படமும் எப்படி?

பதுளைப் பக்கத்து நமுனுகுலை மலையடியில் தோட்ட லயக் கூரைகளில் டிஷ் நிற்கிறதே, ஏன்? கோபுரத்து டிவி அலையை மலை மறைத்துவிடும். 36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதியை அவ்வளவு லேசில் மறைக்க முடியாது.

கம்பி வழியும் உண்டு. 2008இல் ஸ்ரீலங்கா டெலிகொம் பியோ டிவி என்ற தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. டெலிபோன் கம்பியிலேயே படம் எப்படி வரும்? குரலுக்கு 4 கிலோஹேர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே இணையமும் படமும் ஓடும். ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி இரண்டையும் பிரிக்கும். எல்லாச் சனலும் ஒன்றாக வருவதில்லை. ரிமோட்டில் அழுத்தியது மட்டுமே இறங்கும்.

ஆனால் செப்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் தேயும். அதனால்தான் பதுளை டவுனிலிருந்து தள்ளியிருக்கும் தோட்ட மேற்கணக்கு (மேல் பிரிவு) லயங்களுக்கு டிஷ்ஷும் கைபேசியும் கைகொடுக்கின்றன. அழைப்போ படமோ, கைபேசிக்கு எல்லாமே 0, 1 என்ற எண்கள்தான்.